இரண்டு வீட்டு எழுத்து

நகோயாவில், ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறை.
ஒப்புதல் தாளில் ஒற்றை எழுத்தாய் என் குடும்பப் பெயர்.
ஊரில் அதை ‘கெ’ என்பார்கள்.
ஆராய்ச்சி மாணவன் நிவா ‘கட்சு’ என்று வாசித்தான்.
பதினோரு வருடமாக இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

“திரையில் முதலில் ஒரு கூட்டல் குறி,
பிறகு ஒரு சொல்.
ஜப்பானியச் சொல் என்றால் வலது விசை,
இல்லையென்றால் இடது.
யோசிக்க வேண்டாம், கட்சு-சான்,
யோசிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

கையும் காகிதமும் ஒட்டி ஒரு சொல் வந்தது.
இங்கே அது கடிதம்.
எங்கள் பக்கம், கழிப்பறையில் தொங்குவது.
வலது விசையை அழுத்தும்போது
உள்ளே யாரோ சிரித்தது
கருவியில் பதிவாகியிருக்கும்.
வெந்நீர் வந்தது. நாக்கு சூப் என்றது.
வலது.

முந்நூறு சொல். நடுவில் பார்லி டீ.
எது கஷ்டம் என்று கேட்டான்.
தெரியாத சொல் சுலபம்,
இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற சொல்தான்
கூப்பிட்டால் தாமதமாய் வருகிறது என்றேன்.
எழுதிக்கொண்டான்.
ஆயிரம் யென் புத்தகச் சீட்டு தந்து குனிந்தான்.

மெய்ஜோ வட்டப் பாதை ரயில்.
கண் இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது.
பல் டாக்டர் விளம்பரம்,
குடையை மறக்காதீர்கள்,
எல்லாவற்றுக்கும் விரல் துடித்தது.

கைப்பேசி அதிர்ந்தது. ஜின்ஜோவிலிருந்து தம்பி.
மூன்றே எழுத்து.

முதல் எழுத்து, அப்பா.
கடைசி எழுத்து, நடந்து முடிந்ததற்கு நாங்கள் ஒட்டும் வால்.
நடுவில் இருந்தது
காலையில் நாற்பத்தோராவதாய் வந்த சொல்.
அப்போது தயங்கவே இல்லை. வலது.
ஓடுதல்.

அப்பா ஓடினார்!
ஆறு வருடமாய்ப் பின்தங்கியே வரும் இடக்காலையும்
இழுத்துக்கொண்டு,
பனியனோடு, கையில் வெங்காயத்தாள் பையோடு,
கதவை மூடப்போகும் பஸ்ஸைத் திட்டியபடி
பனிக்கட்டித் தெருவில் ஓடினார்,
ஒரு செருப்பு கழன்றது,
எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

பிறகு இடது.

எங்கள் மொழியில் அந்த எழுத்து ஓடாது.
நடக்கும். கிளம்பும்.
ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினால்
போய்விட்டார் என்று மட்டும் சொல்லும்.

நிவா-சான்,
உன் கருவி அப்போது பக்கத்தில் இல்லை.
எத்தனை மில்லிசெகண்ட் ஓடியிருப்பார்?

தம்பிக்குப் பதில் எழுதத் திறந்தேன்.
விசைப்பலகை ஜப்பானிய மொழியில் நின்றது.
அந்தச் சின்ன உலக உருண்டையைத் தொட்டால் மாறிவிடும்.

தொடவில்லை.
என் நிறுத்தம் வந்தது, போனது.
வட்டப் பாதைதானே,
இன்னொரு சுற்று வரட்டும்.