சாக்கு

நாலாம் மாடி என்றார்கள் தொலைபேசியில்.
வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.
பிறகுதான் விலாசம் சொன்னார்கள்:
பத்தரமுல்லை, மிருகங்களுக்குப் பொறுப்பான கந்தோர்.
ஒரு நாள் வேலை. சிங்களத்திலிருந்து தமிழுக்கு,
தமிழிலிருந்து சிங்களத்துக்கு.
விசயம்: பாம்பு.

பத்தடிக்கு மேல் வளரும் பிறநாட்டுப் பாம்புகளை
விற்க, வாங்க, மாகாணம் கடந்து கொண்டுபோகத் தடை.
வரைவு பதினொரு பக்கம்.
'கொண்டுபோதல்' என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்:
கையில், பையில், படகில், பிறர் பெயரில்.

பஞ்சிகாவத்தையில் பழைய கியர்பெட்டி விற்கும் ஃபலீல்
எழுந்து நின்றார். உள்ளங்கை வரியெல்லாம் கிரீஸ்.
"பதின்மூன்று வருசம். பதினாலு அடி.
போன மாசம் வாயில சீழ்.
பெரிய டொக்டர் பேராதனையில.
சட்டம் வந்தா, ஐயா, நான் அவளை
வரக்காப்பொலையில இறக்கி விடுறதா?"

சிங்களத்தில் விலங்குக்கு வேறு சுட்டுச்சொல்.
'அவள்' அந்த மேசையைத் தாண்டவில்லை.

அடுத்தது சோமலதா, வெல்லம்பிட்டி.
களனி கங்கை வீட்டுக்குள் வந்து போன வருடம்,
நீர் வடிந்த பின் அடுப்படியில் கிடந்தது
யாருடையதோ ஒன்று.
நடுவில் நாய்க்குட்டி அளவு வீக்கம்.
"என்ட சின்னவனும் அப்ப அந்த அளவுதான்."
இதைத் தமிழாக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.
எங்கள் தொழிலில் அது கூடாது.

நிபுணர் திரையில் இரண்டு தலை காட்டினார்.
இது எங்கட மலைப்பாம்பு, சட்டம் காப்பது.
இது பர்மாவினது, சட்டம் துரத்தப்போவது.
ஒரே பழுப்பு, ஒரே வலைக்கோலம்.
கண்ணுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே
ஒரு வரிச் செதில் கூடுதலாக இருந்தால் அந்நியம்.
தப்பினால் கலந்துவிடும், பிறகு பிரிக்க ஏலாது.
பிரிக்க ஏலாது என்று இரண்டு தரம் சொன்னார்.
நானும் இரண்டு தரம்.

எட்டு வயதில், காலி வீதியில்,
அப்பாவின் காரை மறித்தவர்கள்
வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள்.
அப்பா பிசகாமல் சொன்னார்.
அந்த மாதமே எனக்கு உச்சரிப்புப் பாடம் தொடங்கியது.
இன்றைக்கு அதுதான் சம்பளம்.
(இதற்கும் பாம்புக்கும் தொடர்பில்லை.
பதிவில் சேர்க்கவேண்டாம்.)

மூன்று மணிக்கு ஒத்திவைத்தார்கள்.
கேட்டுக்கு இப்பால் ஃபலீலின் ஓட்டோ.
பின்சீற்றில் ஒரு சாக்கு, வாயில் நைலோன் கயிறு.
'கீரிச் சம்பா, ஐம்பது கிலோ.'
கீரி என்ற சொல்
மெல்ல மேலேறியது, மெல்ல இறங்கியது.
சாட்சியாகக் கொண்டுவந்தாராம்.
உள்ளே ஒருவரும் கேட்கவில்லையாம்.

காவலாளி தடியின் நுனியால் தொட்டான்.
என்ன இது?
ஃபலீலுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு.
அந்த நேரம் பார்த்து வரவில்லை.
என்னைப் பார்த்தார்.

'ஹால்' என்றேன். அரிசி.
பிசகாமல், அப்பாவைப் போல.
இருபத்தாறு வருடத் தொழிலில்
மூலத்தில் இல்லாத முதல் சொல்.
கேட் திறந்தது.

இப்போது இரவு பதினொன்று.
வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஜன்னல்களை
மழை அறைகிறது.
நாகலகம் வீதி அளவுகோலில்
நீர் நாலடியைத் தாண்டிவிட்டது என்கிறது செய்தி.
சோமலதாவின் சின்னவனுக்கு
இப்போது என்ன வயது என்று கேட்காமல் வந்துவிட்டேன்.
பஞ்சிகாவத்தையிலிருந்து கங்கை எவ்வளவு தூரம்
என்று விரலால் கணக்குப் பார்க்கிறேன்.
ஃபலீலின் நம்பர் இருக்கிறது.
முடிச்சு இறுக்கமா, அதை மட்டும் கேட்கவேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
எடுக்கிறார் இல்லை.