எழுத்துக்கு நாற்பது ரூபாய்

நாலு சுவர், கூரை இல்லை.
வாலிநோக்கம் போகும் வழியில்
உடைமரங்களுக்குள் நின்ற அதற்கு
நாங்கள் வைத்திருந்த பெயர் மொட்டைக்கட்டடம்.
உள்ளே முனியசெல்வி கடல்பாசி காயப்போடுவாள்.
மத்தியானம் சீட்டாட்டம்.
சாலையைப் பார்த்த சுவர் மட்டும் என்னுடையது:
முதலில் ஒரு சிமெண்ட் கம்பெனி,
அதன்மேல் ஒரு கட்சி,
கட்சி தோற்ற பிறகு அதன்மேல்
நீலத்தில் ஒரு பால் பாக்கெட்.

மதுரையிலிருந்து டேப்போடு ஒருவர் வந்தார்.
சுவரை நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
கரித்திருக்கும்.
இந்தக் கரையில் எதை நக்கினாலும் கரிக்கும்.
பவளக்கல், சுண்ணாம்பு என்று எழுதிக்கொண்டார்.
அன்று சாயங்காலமே அது பழையதாகிவிட்டது.

பழமை தெரிய வேண்டுமென்று
என் பன்னிரண்டு வருஷத்தைக்
கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள்.
தேய்த்த சுவருக்கு முன்னால் நட
ஒரு தகரப் பலகை எழுதவேண்டும் என்று
என்னிடமே வந்தார்கள்.
எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்தும் எழுத்துதான்.

'யாத்ரீகர் சத்திரம்' என்றது முதல் பலகை.
வேலி வந்தது, பூட்டு வந்தது,
ரிப்பன் வெட்ட ஒரு கத்தரிக்கோல் வந்தது.
முனியசெல்வி பாசியைத் தார்ச்சாலை ஓரத்துக்கு மாற்றினாள்.
லாரிப் புழுதி ஏறிய பாசிக்குக்
கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைவு.

ஆறு மாதத்தில் இபுராம்சா
ஒரு செப்பேட்டின் ஜெராக்ஸோடு போனார்.
செப்பேடு யாரிடம் என்று ஜெராக்ஸில் இல்லை.
'மரைக்காயர் பண்டகசாலை.'
தாசில்தார் கையெழுத்துப் போட்டார்,
நான் எழுதினேன்.

பிறகு எங்கள் தெரு லயனல்.
சுவரில் கீறியிருந்த ஒரு கூட்டல் குறியைப்
போட்டோ பிடித்துப் பெரிய ஆபீஸில் காட்டினார்.
'சலாபக் குருசடி.'
அந்தக் கூட்டல் குறி
சிமெண்ட் மூட்டை வரைவதற்கு
நடுப்புள்ளி பிடிக்க
நான் ஆணியால் போட்டது.
சொல்லவில்லை.
எட்டு எழுத்து, முந்நூற்று இருபது ரூபாய்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை.
விடிந்தபோது சுவர் இல்லை.
யார் என்பதற்கு
மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைச் சொன்னார்கள்.
கல்லெல்லாம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
இறால் பண்ணை வரப்பில் ஒன்றை நான் பார்த்தேன்.
பிரஷ் எட்டாத ஒரு மூலையில்
என் பால் பாக்கெட்டின் நீலம்.

வேலிக்கம்பியும் போய்விட்டதால்
மூன்றாம் நாள் முனியசெல்வி திரும்பி வந்து
அடித்தளத்தில் பாசியை விரித்தாள்.
சுவர் நிழல் இல்லாமல்
இப்போது சீக்கிரம் காய்கிறதாம்.

வழக்கு நடக்கிறது.
தீர்ப்பு வரும்வரைக்கும் ஒரு பலகை வேண்டுமாம்:
'இவ்விடத்தில்                           இருந்தது.'
என்ன இருந்தது என்பதைக் கோர்ட் சொல்லும்,
நீ இடத்தை மட்டும் விடு என்றார் ஆர்.ஐ.

எவ்வளவு விட?
சாக்பீஸில் மூன்று பெயரையும் எழுதிப் பார்த்து
நீளமான பெயர் கொள்ளுகிற மாதிரி விட்டேன்.
பன்னிரண்டு எழுத்து.
எழுதாததற்குக் காசு கிடையாது என்றுவிட்டார்.

பலகை நட்ட மறுநாள்
லயனல் இன்ச் டேப்போடு வந்தார்.
சத்திரத்துக்காரர்கள் இரண்டு பைக்கில் வந்தார்கள்.
ஒன்றும் எழுதாத அந்த இடத்தை
இந்தப் பக்கமிருந்து ஒருமுறை,
அந்தப் பக்கமிருந்து ஒருமுறை அளந்துவிட்டு
என் கடை வாசலில் நிற்கிறார்கள்,
பன்னிரண்டு
யார் சொல்லி விட்டாய் என்று.