எந்தக் கல்யாணத்து ஊசி

செல்போன் கடைக்கு மேலே என் கடை.
பதினேழு படி.
ஏறி வருகிற சத்தத்திலேயே
பாதிப் பேருக்கு எங்கே வலி என்று
எனக்குத் தெரிந்துவிடும்.

ஜொகூரில் ஒன்பது வருஷம்
மேடம் கோ கடையில் கால் அமுக்கிய விரல்கள் இவை.
கிளம்பும்போது அவள் சுருட்டிக் கொடுத்த படம்
இப்போது காரைக்குடிச் சுவரில்:
இரண்டு உள்ளங்கால், அதற்குள் ஒரு முழு ஆள்.
கட்டைவிரலில் மூளை,
விரலடி மேட்டில் நுரையீரல்,
நடுப்பள்ளத்தில் குடல் சுருண்டு கிடக்க
குதிகாலில் இடுப்பு.
சீன எழுத்தின் மேல்
ஸ்கெட்ச் பேனாவில் தமிழ் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வெயிலில் பசை இளகி
மண்ணீரல் மட்டும் அடிக்கடி தரையில் கிடக்கும்.

இதெல்லாம் உண்மையா என்று
வங்கி மேனேஜர் மனைவி கேட்டார்.
எனக்குத் தெரியாது என்றேன்.
தெரியாததற்கா முந்நூற்றைம்பது ரூபாய் என்றார்.
தூங்கினீர்களே என்றேன்.
மறுவாரம் தங்கையையும் கூட்டி வந்தார்.

வைகாசி முகூர்த்தங்கள் ஓய்ந்த பிறகு
சாத்தையா வந்தார். கல்யாணச் சமையல்.
உலை வைத்தால் பந்தி முடியும்வரை
உட்கார்ந்ததே இல்லை என்றார், பெருமையாய்.
"கல்லீரலை நல்லா அமுக்கும்மா,
வலிச்சாலும் பரவாயில்ல."

வெந்நீரில் கால் வைத்ததும்
எல்லாரும் ஒரு சத்தம் போடுவார்கள்.
'ஸ்' என்று, 'ஆத்தாடி' என்று;
ஒரு வாத்தியார் 'முருகா' என்பார்.
சாத்தையா கும்மாயத்துக்கு எப்போது
நெய் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.
என் கையை விட்டுப் பார்த்தேன், சுட்டது.
பச்சைத்தண்ணீர் கலந்தேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

கட்டைவிரலை நெரித்தேன்.
நெய்.
நுரையீரலில் விரல்முட்டியால் அழுத்தினேன்.
கருப்பட்டிப் பாகு.
கல்லீரலில் என் முழு பலமும்.
"ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றார்.

காலைத் தூக்கி
ட்யூப்லைட்டுக்குக் காட்டினேன்.
இடது குதிகாலில்
இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில்
பச்சையாய் ஒரு புள்ளி.
குண்டூசித் தலை.
பந்தலில் பூச்சரம் குத்துவார்களே, அது.
சுற்றிலும் தோல் கறுத்து, மெத்தென்று.

"எந்தக் கல்யாணத்து ஊசி?"
குனிந்து பார்த்தார், அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல.
"கோட்டையூரா... இல்ல, பள்ளத்தூர் அறுபதாங் கல்யாணமா...
அங்கதான் செருப்பில்லாம நின்னேன்."
இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள்.

நான் பிடுங்கவில்லை.
ரத்தமோ சீழோ கண்டால் கையை எடு,
மேடம் கோ முதல் நாள் சொன்னது.
துணி சுற்றி, கடையைப் பூட்டி,
பதினேழு படியும் பக்கவாட்டாய் இறக்கி
என் ஸ்கூட்டியில் பெரியாஸ்பத்திரிக்கு.
வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால்
"கல்லீரல் பாக்கி இருக்கும்மா, மறந்துராத."

சர்க்கரை நானூற்றுப் பதினெட்டு என்றார்கள்.

ஆவணியில் மறுபடி வந்தார்.
படியேறக் கூடாது; கீழே செல்போன் கடையில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு
ஆள் அனுப்பினார்.
கட்டுப் போட்ட கால், புதுக் கம்பு.
காலைத் தொடமாட்டேன் என்றேன்.
"கையிலயும் படம் உண்டாமே?" என்று நீட்டினார்.

உண்டு.
உள்ளங்கையில் அதே ஆள், இன்னும் குள்ளமாய்.
பட்டையும் சோம்பும் ஏறிப்போன தோல்,
கரண்டி பிடித்த காய்ப்பு வரிசையாய்.
பெருவிரல் அடியில் அழுத்தினேன்.
"ஸ்..."
கடைப்பையன் ஸ்க்ரீன் கார்டு ஒட்டுவதை
நிறுத்திவிட்டுத் திரும்பினான்.
இன்னொரு தடவை என்றார். அழுத்தினேன்.
"வலிக்குதும்மா" என்றார்,
பாகு கம்பிப்பதம் வந்ததைச் சொல்கிற குரலில்.

எந்த உறுப்பு அது என்று கேட்டார்.
மேலே படத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று
ஏறிப் போனேன்.
என்னிடம் கால் படம் மட்டுந்தான் இருக்கிறது.
மண்ணீரலை எடுத்து ஒட்டிவிட்டு
கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே நின்றேன்.