பதினோராம் எண் டிராம்

வாங்கும் எண்ணமில்லை.
குளிருக்கு ஒதுங்கத்தான் கடைக்குள் நுழைந்தாள் ஸ்கைத்ரீதெ.
பணி தொடங்க இன்னும் இருபது நிமிடம்.
கண்ணாடி மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
"பனிக்காலத்துக்கென்றே செய்தது" என்று
இடது மணிக்கட்டில் இருமுறை அடித்தாள்.
விலை தொண்ணூற்று நான்கு யூரோ.
கையை உறைக்குள் திணித்துக்கொண்டு
திருடியவள்போல வெளியே வந்தாள்.

ரீகாவில் அன்று மைனஸ் பதினேழு.
ஆண்டை ஆறாய் நறுக்கி
முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தவர்கள்
இந்தத் தண்டவாளத்தின் ஓரம்
ஒரு சாயங்காலம் நின்றிருந்தால்
கல்பனி என்று ஏழாவதாய் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

முதல் நிறுத்தத்தில்
கம்பளி உறையின் வாய்வழியே
ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு பீச்சல்,
கூடவே மிளகு.
புதிதாய்க் குடிவந்தவன் கட்டிலை இழுப்பதுபோல்
ஒரே சத்தம்.
தும்மினாள். மணியடித்தாள். கதவு மூடியது.

நாடக அரங்கைத் தாண்டியபோது
ஆரஞ்சு இறங்கிப் போயிருந்தது,
எந்த நிறுத்தத்தில் என்று கவனிக்கவில்லை.
அதன் இருக்கையில் இப்போது கிராம்பு.
கிராம்பின் மடியில் தேன்.
யாரோ ஊதி அணைத்த
மெழுகுவர்த்தித் திரியின் புகை.
வண்டியைத் திருப்பும்போதெல்லாம்
நெம்புகோலோடு மணிக்கட்டும் திரும்ப
ஒருமுறை வந்து வந்து போனது.

கல்லறைத் தோட்டத்து வளைவில்
தண்டவாளம் பிரியும் இடம் உறைந்துவிட்டது.
கடப்பாரையும் உப்பு வாளியுமாய் இறங்கினாள்.
உறையோடு பிடித்தால் இரும்பு வழுக்குகிறது.
கழற்றினாள்.
ஏழு நிமிடம்.
உள்ளே மீன்தொட்டியில்போல் வெளிச்சத்தில்
பதினான்கு முகங்கள் அவளைப் பார்த்தன,
ஒன்று கொட்டாவி விட்டது.

பனி விட்டுக்கொடுத்தது.
மணிக்கட்டை மூக்கருகே வைத்தாள்:
ஒன்றுமில்லை.
இரும்பு, உப்பு, நீலம் பாரித்த தோல்.
தொண்ணூற்று நான்கு யூரோ
இவ்வளவுதானா!

கடைசி நிறுத்தம். பைன் மரங்கள். வண்டி காலி.
திரும்பப் பதினொரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.
ஹீட்டரின் மேல் கையைப் போட்டாள்.
முதலில் வலி. விரல் நுனிகளில் ஊசி.
பிறகு ரத்தம் வழி கேட்டுக் கேட்டு
மணிக்கட்டு வரை வந்தபோது
அதன் பின்னாலேயே வந்தது.

குங்கிலியம். பதப்படுத்திய தோல்.
எரிந்து முடிந்த விறகின் அடிச்சூடு.
அதற்குள் காலையில் நறுக்கிய வெங்காயம்,
பிரேக்கின் இரும்புத்தூள்,
நாற்பத்தாறு வயது வியர்வை.
பாட்டிலில் இவை எதுவும் இருந்திருக்காது.
வாசம் என்றால் மணம்;
வாசம் என்றால் குடியிருத்தல்.
கட்டில் இழுத்தவன்
சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டான்.

பணிமனையில் அய்னார்ஸ்
சாவியை வாங்கும்போது நின்றான்.
"யார் வண்டிக்குள் அடுப்பு மூட்டியது?"
"ஹீட்டர் பழுது, எழுதிக்கொள்" என்றாள்.
எழுதிக்கொண்டான்.

அன்றிரவு கன்னத்துக்கடியில் இடது கை.

மறுநாள் அதே நேரம், அதே கடை.
கண்ணாடி மேசைப் பெண்
அவளையும் அவள் பணிச்சீருடையையும் பார்த்தாள்.
விலையைச் சொல்லவில்லை.
பாட்டிலின் மூடியைத் திறந்து கேட்டாள்:
"இன்றைக்கு வலது கையா?"