எச்-பதினொன்று

எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம். பிப்ரவரி.
முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள்,
ஒவ்வொன்றிலும் வேறெதற்கோ செய்த மருந்து:
வலிப்புக்கு, குடற்புழுவுக்கு, தூங்காத இரவுக்கு.
எல்லாவற்றிலும் வைரஸை விட்டாள் மாரிகா.

மூன்றாம் நாள்
எங்கும் செத்த செல்கள்.
எச்-பதினொன்றில் மட்டும்
ஒட்டிக்கொண்டு, உயிரோடு ஒரு கூட்டம்.

பட்டியலில் பெயரைத் தேடினாள்.
கீல்வாத மாத்திரை.
அப்பாவின் சட்டைப்பையில்
சில்லறையோடு கிலுங்குவது.

யாரிடமும் ஓடவில்லை.
கணக்குப் போட்டாள்:
குழியில் இருந்த அளவு
மனித ரத்தத்தில் ஏற
ஒரே வேளைக்கு நாற்பது மாத்திரை.
வைரஸுக்கு முன்னால்
ஆள் போய்விடுவார்.

நோட்டில் எழுதினாள்: மறுபடியும். பாதி அளவில்.

பிறகு உர்மாஸுக்குப் போன் செய்தாள்.
"முட்டி எப்படிப்பா இருக்கு?"
"நாளைக்குப் பனி உருகுமாம்,
அது சொல்லுது."