மூன்றடுக்குக் கேக்

சாட்ஸ்வொர்த்திலிருந்து வெருலம்வரை
நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.
வேனின் பின்பக்கம், வழுக்காமலிருக்க விரித்த ரப்பர் பாயில்
மூன்றடுக்குக் கேக்.
தனபாக்கியம் செட்டியின் மகளுக்கு நாலு மணிக்கு வரவேற்பு.
டர்பன் வெயில் வேறு.
வெண்ணெய்க் கிரீமுக்கு வெயிலைக் கண்டால் ஆகாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வேகக்காரி.
அபராதச் சீட்டுகள் இழுப்பறை நிறையக் கிடக்கின்றன.
பேவியூ ஏற்றத்தில் நிறுத்தியிருந்த வெள்ளைக் காரின்
பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு
நிற்காமல் போனவளும் நான்தான்.
ஆறு வருஷம்.
அதன்பிறகு அந்தத் தெரு எனக்கு ஊரிலேயே இல்லை.

ஆனால் கேக் ஏறிய வண்டியை வேறொருத்தி ஓட்டுகிறாள்.
முன்னால் போகிறவனுக்கும் தனக்கும் நடுவே
ஒரு பஸ் நிற்கும் இடம் விடுகிறாள்.
அதில் எவனாவது புகுந்தால், புகட்டும்,
இன்னொரு பஸ்ஸுக்கு இடம் விடுகிறாள்.
பள்ளம் தெரியும் முன்பே கால் பிரேக்கைத் தேடுகிறது,
மெல்ல,
தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல.

மினிபஸ் டாக்சி ஒன்று குறுக்கே பாய்ந்தது.
என் அம்மாவுக்குத் தெரியாத வார்த்தைகள் என்னிடம் உண்டு.
ஒன்றும் வெளியே வரவில்லை.
கத்தினால் கை ஆடும்,
கை ஆடினால் மேலடுக்கு ஆடும்.

நெடுஞ்சாலையை விட்டு ஒற்றைப் பாதையில் இறங்கியதும்
பின்னால் ஒரு நீலக் கார். ஹாரன் மேல் ஹாரன்.
பம்பரை முத்தமிடுகிற தூரம்.
மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி
வழிவிடுவது இந்த நாட்டு வழக்கம்.
நான் யாருக்கும் ஒதுங்கியதில்லை.
எனக்கு ஒதுங்காதவர்களை மட்டும் எண்ணி வைத்திருந்தேன்.

ஒதுங்கினேன்.
கரும்புத் தோகை கண்ணாடியை உரசிற்று.
கடந்து போகையில் பார்த்தேன்:
பின்சீட்டில் ஒரு பையன்,
மோவாய்க்குக் கீழே காலி ஐஸ்கிரீம் டப்பா,
அதைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை.
அவனும் கேக்தான் கொண்டுபோகிறான்.

போனவன் இருபக்க விளக்கையும் சேர்த்து
இரண்டு தடவை மினுக்கினான்.
ஆபத்து என்று சொல்ல வைத்த விளக்கு அது.
இங்கே அதற்கு நன்றி என்று பொருள்,
மன்னிப்பு என்றும்.
எது என்று வாங்கிக்கொள்கிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.
நான் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டினேன்.
பரவாயில்லை, போ.

மண்டபத்தில் இறக்கியபோது
நடு அடுக்கில் தலைமயிர் அளவு விரிசல்.
அந்தப் பக்கத்தைத் திரைச்சீலைக்குத் திருப்பி வைத்தேன்.
தனபாக்கியம் அக்கா பணத்தோடு
ஒரு பொட்டலம் பிரியாணியும் தந்தாள்.

திரும்பும்போது இருட்டு. வேன் காலி.
மின்வெட்டில் அன்று எங்கள் பகுதியின் முறை.
நாலுமுனையில் ரோபோ செத்துக் கிடந்தது
(சிக்னலுக்கு இங்கே ரோபோ என்றுதான் பேர்).
போலீஸ் கிடையாது.
கோயில் வரிசையில் முண்டுகிற அதே ஜனம்
இருட்டில் ஒவ்வொன்றாய், வந்த முறைப்படி:
ரொட்டி லாரி,
பெரிய கறுப்புக் கார்,
காவலாளி உடுப்பில் சைக்கிளில் ஒருவர்.
மத்தியானத்து டாக்சி, அல்லது அதன் அண்ணன்,
அதுகூட நின்றது.
எதிரே இருந்தவர் போ என்று கை காட்டினார்.
நானும் காட்டினேன்.
இருவரும் கிளம்பி, இருவரும் நின்று,
அவர் பல் மட்டும் தெரிந்தது.

நேரே போனால் வீடு. இடப்பக்கம் பேவியூ.

இடப்பக்கம் திரும்பினேன்.
வாசலில் வெள்ளைக் கார் இல்லை,
ஆறு வருஷத்தில் விற்றிருப்பார்கள்.
ஜன்னலில் மெழுகுவர்த்தி.
உள்ளே யாரோ தட்டு கழுவுகிற சத்தம்.
கதவைத் தட்டலாம்.
என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியாமல்
அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அமுக்கினேன்.
காலி வேனுக்குள் டிக், டிக்.
சுவரில் மஞ்சள் வந்து போயிற்று.
இரண்டு தடவை ஆன பிறகும்
நான் அணைக்கவில்லை.