அம்புக்குறி

எனக்குக் குரல் பெரிது.
அதனால் தீப்பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.
மஞ்சள் மேல்சட்டை ஒன்று தந்தார்கள், விசில் ஒன்று.
சம்பளத்தில் மாற்றமில்லை.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், மூன்றாவது மாடி.
பதிவேட்டில் நூற்று அறுபத்திரண்டு பேர்.
காலர் ஒரு வரிசை, கை ஒரு வரிசை,
பட்டன் வைக்கிறவர்கள் ஜன்னலோரம்.
பஞ்சுத்தூசி வெயில் விழும் இடத்தில்
கண்ணுக்குத் தெரியும்.
மற்ற இடத்தில் மூச்சுக்குத் தெரியும்.

முதல் வாரம் நான் செய்தது இவ்வளவுதான்:
தீயணைப்பு சிலிண்டரில் மாட்டியிருந்த
டிபன் பைகளை இறக்கினேன்
(ஆறு பை. ஒன்று என்னுடையது).
அயர்ன் மேஜைக்கடியில் கருகிக் கிடந்த பிளக்கைப் பிடுங்கி
நாகேந்திரப்பாவின் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன்.
"நாளெ நோடோணா" என்றார்.
நான் நகரவில்லை.
டீ ஆறியது. எலக்ட்ரீஷியன் வந்தான்.

பின்கதவைப் பற்றியும் கேட்டேன்.
அதில் திண்டுக்கல் பூட்டு,
சாவி செக்யூரிட்டியின் இடுப்பில்.
"அதைத் திறந்துவிட்டால்
சட்டைக்கெல்லாம் கால் முளைச்சிடும்மா."
நானும் சிரித்துவிட்டேன்.
அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க வழியில்லை.

ஆடிட் வருகிறதென்று ஒத்திகை வைத்தார்கள்.
சைரன் ஊளையிட்டதும்
பாதி தைத்த கைகளை ஊசியிலேயே விட்டுவிட்டு
முன்படியில் இறங்கினோம்,
ஷிப்ட் முடிந்த மாதிரி,
பூவைச் சரிசெய்துகொண்டு, சீட்டுப்பணம் பேசிக்கொண்டு.
நான்கு நிமிடம் இருபது நொடி.

லாரி நிற்கும் இடத்தில் நிறுத்தி எண்ணினேன்.
நூற்று அறுபது.
"உன்னை எண்ணினியாடி?" என்றாள் காவேரம்மா.
கூட்டம் முழுக்கச் சிரித்தது.
என்னையும் சேர்த்து மறுபடி எண்ணினேன்.
நூற்று அறுபத்தொன்று.

மூன்றாம் முறை எண்ணும்போது
சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது.

பெயர் வாசித்தேன்.
புஷ்பாஞ்சலி நாயக்.
பதில் இல்லை.
எந்தப் பெண் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.
ஒடிசாவிலிருந்து வந்து நான்கு நாள்,
காலர் வரிசையில் கடைசி மெஷின்,
பச்சை வளையல் என்றாள் ஒருத்தி,
இல்லை சிவப்பு என்றாள் இன்னொருத்தி.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.
ஆளில்லாத ஹாலில்
மெஷின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
தரையில் பச்சை அம்புக்குறி.
போன ஆடிட்டுக்கு அடித்த பெயிண்ட்,
தினமும் மிதித்து நடப்பதுதான்.
அன்றுதான் முதன்முதலாக
அது காட்டும் பக்கம் நடந்தேன்.

அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கும் பூட்டுக்கும் நடுவே
ஓராள் நிற்கும் இடம்.
அங்கே நின்றிருந்தாள்.
அழவில்லை, கத்தவில்லை.
உள்ளங்கை இரண்டும் கதவின்மேல்,
யாரோ அந்தப் பக்கமிருந்து
திறக்கப்போகிறார்கள் என்பதுபோல.

அது திறக்காத கதவென்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அம்புக்குறியை நம்பியவள்
அவள் ஒருத்திதான்.

'அனைவரும் பத்திரமாக வெளியேறினர்' என்று
தாள் முன்கூட்டியே டைப் ஆகி வந்தது.
கையெழுத்து மட்டும் பாக்கி.
'ஒருவர் தவிர' என்று எழுதிப் போட்டேன்.
அமுக்கிய அமுக்கில் அடுத்த தாளிலும் பதிந்தது.
"ஒத்திகைதானேம்மா" என்றார் நாகேந்திரப்பா.
"ஆமா சார், ஒத்திகைதான்" என்றேன்.

மூன்று வாரத்தில் பூட்டுப் போனது.
பூட்டு இருந்த வளையத்தில் கம்பி வந்தது.
அவிழ்த்தேன்.
நைலான் கயிறு வந்தது.
கத்தரி எங்கள் தொழில்.

இப்போதெல்லாம் மெஷின் ஓடுவதற்கு முன்
பின்கதவைத் தள்ளிப் பார்க்கப் போகிறேன்.
வெளியே இரும்புப்படி, சாக்கடை,
இட்லிக்காரரின் சைக்கிள், அதற்குக் காவலாய் ஒரு நாய்.
காற்று நுழைந்து
தரையிலிருக்கும் நூல்துண்டுகளைக் கொஞ்சம் புரட்டும்.

சில காலை
எனக்கு முன்பே யாரோ தள்ளிப் பார்த்திருப்பார்கள்.
கதவு ஒரு சாண் திறந்திருக்கும்.